20 கிலோ அரிசி, ஒரு சிலிண்டர், நான்கு பேர்: தேர்தல் வாக்குறுதிகளுக்கு ஓர் அடுப்படிக் கணக்கு

தமிழ்நாட்டில் தேர்தல் நெருங்கினாலே இலவசம் சரியா தவறா என்ற வாக்குவாதம் டீக்கடையில் தொடங்கிக் குடும்ப வாட்ஸ்அப் குழு வரைக்கும் வந்துவிடும். ‘இலவசம் குடுத்தே சோம்பேறி ஆக்கிட்டாங்க’ என்பார் ஒருவர். ‘அதுக்குப் பதிலா காசா குடுத்துடலாமே’ என்பார் இன்னொருவர். ‘எவன் வந்தா என்ன, நாமதான உலை வைக்கணும்’ என்று மூன்றாமவர் முடித்துவைப்பார். மூவருமே அடுப்படிக்குள் போய் அளந்து பார்த்துவிட்டுப் பேசுவதில்லை. ஒரு வாக்குறுதி ஒரு வீட்டுக்கு மாதத்தில் எத்தனை நாள் உதவுகிறது, எந்தப் பொருளாக வருகிறது, எந்தத் தேதியில் வருகிறது என்று கணக்குப் போட்டால் பேச்சே வேறு இடத்துக்குப் போய்விடும். இங்கே போட்டிருப்பது அந்தக் கணக்குதான்.

கணக்குக்காக ஒரு குடும்பத்தை வகுத்துக்கொள்வோம். பெரியவர்கள் இருவர், பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இருவர். நடுத்தர ஊர் ஒன்றில் வாடகை வீடு. முன்னுரிமை இல்லாத அரிசி அட்டை. அதற்கு மாதம் அதிகபட்சம் 20 கிலோ அரிசி, விலையில்லாமல். வீட்டில் ஒரு சிலிண்டர் இணைப்பு, குக்கர், மிக்சி, கிரைண்டர். கடைவிலைகளை இப்படி வைத்துக்கொள்வோம்: ரேஷன் அரிசிக்கு ஈடான அரிசி கிலோ 40 ரூபாய், நல்ல சாப்பாட்டு அரிசி 50, துவரம்பருப்பு 130, உளுந்து 130, பாமாயில் லிட்டர் 110, சர்க்கரை 45. துவரம்பருப்பு 2023, 2024 ஆண்டுகளில் 180 வரை ஏறிப் பிறகு இறங்கியது. உங்கள் ஊர் விலை வேறாக இருந்தால் அந்த எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள். கணக்கின் போக்கு மாறாது.

ரேஷன் பையின் உண்மை மதிப்பு

20 கிலோ அரிசிக்கு மிச்சம் 800 ரூபாய். துவரம்பருப்பு ஒரு கிலோ ரேஷனில் 30 ரூபாய், மிச்சம் 100. பாமாயில் ஒரு லிட்டர் 25 ரூபாய், மிச்சம் 85. சர்க்கரை தலைக்கு அரைக்கிலோ வீதம் இரண்டு கிலோ, கிலோ 25 ரூபாய், மிச்சம் 40. ஆக 1,025 ரூபாய். மகளிர் உரிமைத் தொகையாக வரும் 1,000 ரூபாயும் இதுவும் ஏறக்குறைய ஒரே எடை. ஆனால் தேர்தல் பேச்சில் புதிய தொகைக்குக் கிடைக்கும் இடத்தில் பாதிகூடப் பழைய ரேஷன் பைக்குக் கிடைப்பதில்லை.

இந்த 1,025 ரூபாயில் 800 ரூபாய் அரிசியால் மட்டும் வருகிறது. அந்த அரிசி வீட்டில் சமைக்கத் தகுந்ததாக இருந்தால்தான் அது 800 ரூபாய். வாடை அடித்து, நொய்யும் கல்லுமாக வந்து, பாதி மாட்டுக்கும் கோழிக்கும் போனால் 400 ரூபாய் அந்த மாதமே காணாமல் போகிறது. இதைவிடப் பெரிய வெட்டை எந்தப் பட்ஜெட்டும் ஒரே மாதத்தில் அந்த வீட்டுக்குப் போடுவதில்லை. எனவே ஓட்டுக் கேட்டு வருபவரிடம் முதலில் கேட்க வேண்டியது புதிதாக என்ன தருவீர்கள் என்பதல்ல, தருகிற அரிசி எப்படி இருக்கும் என்பதுதான் என்று இந்தக் கணக்கு சொல்கிறது.

இந்த அரிசிக்கு நீண்ட தேர்தல் வரலாறு உண்டு. 1967இல் அரிசித் தட்டுப்பாட்டு நேரத்தில் ‘ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்’ என்று சொல்லி அண்ணா ஆட்சிக்கு வந்தார். ரூபாய்க்கு ஒரு படி சென்னையிலும் கோவையிலும் தொடங்கியது. 1997இல் மத்திய அரசு வறுமைக்கோட்டுக்குக் கீழ், மேல் என்று பிரித்து வழங்கும் முறையைக் கொண்டுவந்தபோது தமிழ்நாடு பிரிக்க மறுத்து எல்லோருக்கும் என்ற முறையிலேயே நின்றது. 2006இல் கிலோ 2 ரூபாய், 2008 செப்டம்பரில் 1 ரூபாய், 2011 ஜூன் 1 முதல் விலையில்லை. பருப்பும் பாமாயிலும் 2007இல் சேர்ந்தன. ஆட்சிகள் மாறின. அரிசியை நிறுத்தும் துணிவு எந்த ஆட்சிக்கும் வரவில்லை. வாக்குறுதிகளிலேயே உலைக்குள் விழுந்தது மட்டும்தான் இப்படி நிலைத்திருக்கிறது.

அரிசி: வாடை ஏன் வருகிறது, எரிவாயு எங்கே போகிறது

ரேஷன் புழுங்கல் அரிசியின் வாடைக்கு இரண்டு காரணங்கள். நெல்லை ஊறப்போட்ட தண்ணீரை மாற்றாமல் அதிக நேரம் விட்டு அவித்தால் புளித்த வாடை அரிசிக்குள்ளேயே ஏறிவிடும். கிடங்கில் ஈரம் பட்ட சாக்கில் மாதக்கணக்கில் கிடந்தால் மக்கல் வாடை வரும். இரண்டாவது வகை அரிசியின் மேற்பரப்பில்தான் இருக்கும், கழுவினால் பெரும்பாலும் போய்விடும். முதல் வகை கழுவிப் போகாது.

பார்த்துப் பிரிக்க எளிய வழி: ஒரு கைப்பிடி அரிசியை வெந்நீரில் போட்டுப் பத்து நிமிடம் மூடி வையுங்கள். தண்ணீரை வடித்துவிட்டு அரிசியை முகர்ந்து பாருங்கள். வாடை தண்ணீரோடு போயிருந்தால் சோற்றுக்கு ஆகும். அரிசியிலேயே நின்றால் சோற்றுக்கு வைக்காமல் இட்லி, தோசை மாவுக்கு ஒதுக்குங்கள். புளிப்பும் வெந்தயமும் வாடையை அமுக்கிவிடும்.

கழுவும்போது மேலே மிதக்கும், மற்ற அரிசியைவிடச் சற்று வெளிறியோ மஞ்சளாகவோ இருக்கும் மணிகளைப் பலர் ‘பிளாஸ்டிக் அரிசி’ என்று பொறுக்கி எறிகிறார்கள். அவை செறிவூட்டப்பட்ட மணிகள். அரிசி மாவில் இரும்புச் சத்து, ஃபோலிக் அமிலம், பி12 கலந்து அரிசி வடிவில் அச்சிட்டு, நூறு கிலோவுக்கு ஒரு கிலோ என்ற அளவில் கலப்பார்கள். எறிந்தால் அந்தச் சத்துதான் போகும். நாலைந்து முறை அலசிக் கழுவினாலும் அப்படியே. இரண்டு தண்ணீர், மிஞ்சினால் மூன்று போதும்.

வாடை உள்ள அரிசிக்கு வடித்த சோறு ஏற்றது. கஞ்சியோடு வாடையும் வெளியேறும், சோறு உதிரியாகவும் இருக்கும். ஆனால் வடிப்பது எரிவாயுவைத் தின்னும். பெரிய பர்னர் முழுத் தீயில் மணிக்கு ஏறத்தாழ 150 முதல் 170 கிராம் எரிக்கிறது. அரைக்கிலோ புழுங்கல் அரிசிக்கு மூன்று லிட்டர் தண்ணீர் கொதிக்க வைத்து 25 நிமிடம் வேகவிட்டு வடிப்பதற்கும், ஊறவைத்த அதே அரிசியைக் குக்கரில் ஒன்றரை லிட்டர் தண்ணீரில் வைத்து இறக்குவதற்கும் குறைந்தது 50 கிராம் வித்தியாசம் வரும். நாளுக்கு ஒருவேளை என்றாலும் மாதம் ஒன்றரைக் கிலோ. 2025 ஏப்ரலில் சென்னையில் 14.2 கிலோ சிலிண்டர் 868 ரூபாய் 50 காசு. கிலோவுக்கு 61 ரூபாய் ஆகிறது. எனவே மாதம் 92 ரூபாய்.

2021 சட்டமன்றத் தேர்தலில் சிலிண்டருக்கு 100 ரூபாய் மானியம் என்று தி.மு.க. சொன்னது. அ.தி.மு.க. ஆண்டுக்கு ஆறு சிலிண்டர் இலவசம் என்றது. கிடங்கில் நெல்லும் அரிசியும் ஒழுங்காக இருந்து, வடிக்கவேண்டிய அவசியமே இல்லாமல் குக்கரில் வைக்கும் அரிசி வந்தால் அந்த நூறு ரூபாயில் பெரும்பகுதி மானியம் இல்லாமலே வீட்டில் மிஞ்சும். அரிசியின் தரமும் எரிவாயுச் செலவும் தனித்தனியாகப் பேசப்படுகின்றன. அடுப்பில் இரண்டும் ஒரே கணக்கு.

இடைவழி ஒன்று உண்டு. அரைக்கிலோ அரிசியை இரண்டு முறை கழுவி 45 நிமிடம் ஊறவையுங்கள். ஒரு லிட்டர் கொதிநீரில் போட்டு நாலு நிமிடம் கொதிக்கவிட்டு அந்தத் தண்ணீரை மட்டும் வடியுங்கள். பிறகு குக்கரில் ஒரு டம்ளர் அரிசிக்கு இரண்டரை டம்ளர் தண்ணீர் வைத்து, மூன்று விசில் விட்டு, ஐந்து நிமிடம் சிறுதீயில் வைத்து அணைத்துவிடுங்கள். ஆவி தானாக அடங்கும்வரை திறக்க வேண்டாம். அணைத்த பிறகு வேகும் அந்தப் பத்து நிமிடத்துக்குக் காசு கிடையாது. தட்டடுக்கு வைத்து மேல் பாத்திரத்தில் பருப்பையும் சேர்த்து வைத்தால் தனியாகப் பருப்பு வேகவைக்கும் எரிவாயுவும் மிச்சம். தீ மஞ்சளாக எரிந்தால் பர்னர் துளைகள் அடைத்திருக்கின்றன. ஊக்கால் குத்திச் சுத்தம் செய்யாமல் பாத்திரம் கரிகிறதே என்று புலம்பிப் பயனில்லை.

2011இன் இரண்டு வாக்குறுதிகள் ஒரே குண்டானில்

ஒரே தேர்தல் அறிக்கையில் வந்த இரண்டு அறிவிப்புகள் ஒன்றுக்கொன்று கைகொடுத்த விதம் போதிய அளவு பேசப்படவில்லை. 2011இல் அ.தி.மு.க. அறிவித்தவை விலையில்லா அரிசியும் மிக்சி, கிரைண்டர், மின்விசிறியும். கிரைண்டரைக் கேலி செய்தவர்கள் அதை ஒரு பொருளாக மட்டும் பார்த்தார்கள். ரேஷன் அரிசியைச் சோறாகச் சாப்பிட விரும்பாத வீட்டில்கூட அது இட்லி மாவாக மாறியது அந்தக் கிரைண்டரால்தான்.

கணக்கு இதுதான். வாரம் மூன்று கிலோ மாவு என்றால் மாதம் 13 கிலோ. கடையில் கிலோ 40 என்றால் 520 ரூபாய். வீட்டில் அரைத்தால் ரேஷன் அரிசி நாலரைக் கிலோ, உளுந்து ஒரு கிலோ 100 கிராம். செலவு உளுந்துக்கு மட்டும், 143 ரூபாய். மிச்சம் 377. உழைப்பும் நேரமும் பெரும்பாலும் வீட்டுப் பெண்ணுடையது, அதை எந்தக் கணக்கும் சேர்ப்பதில்லை என்பதையும் இங்கேயே சொல்லியாக வேண்டும்.

ரேஷன் அரிசியில் இட்லி கெட்டியாகவோ பிசுபிசுப்பாகவோ வருகிறது என்பது பொதுவான குறை. ஒரே மூட்டையில் பல ரக அரிசி கலந்து வருவதால் ஒரு மணி ஊறியிருக்கும், இன்னொன்று ஊறியிருக்காது. ஐந்து மணி நேரமாவது ஊற வேண்டும். உளுந்து முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஊறினால் பொங்கும் தன்மை குறையும். அளவு நாலுக்கு ஒன்று; குண்டு அரிசியாக வராமல் சன்ன அரிசியாக வந்தால் மூன்றரைக்கு ஒன்று. வெந்தயம் ஒரு தேக்கரண்டி உளுந்தோடு. உளுந்தை முதலில், குளிர்ந்த தண்ணீரை அவ்வப்போது தெளித்து 25 நிமிடம் அரையுங்கள். சிறு துளி மாவைத் தண்ணீரில் போட்டால் மிதக்க வேண்டும். மூழ்கினால் இன்னும் அரைய வேண்டும். அரிசியை ரவை பதத்தில் எடுத்துவிடுங்கள். நைசாக அரைத்தால்தான் பிசுபிசுப்பு வரும். ஊறிய அவல் ஒரு கைப்பிடியோ முந்தைய நாள் சோறு ஒரு கரண்டியோ அரிசி அரையும்போது சேர்த்தால் ரக வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது.

பருப்பு பத்து நாள்

இந்தக் குடும்பத்தின் உண்மையான முடை அரிசியில் இல்லை, பருப்பில் இருக்கிறது. நான்கு பேருக்கு ஒருவேளைச் சாம்பாருக்கு வழக்கமாக 100 கிராம் துவரம்பருப்பு. ரேஷனில் ஒரு கிலோ. பத்து நாள். மீதி இருபது நாளைக்கு என்ன வைப்பது என்பதை எந்த மேடையிலும் யாரும் பேசக் கேட்டதில்லை. அரிசி கிலோவை உயர்த்துவதாகச் சொல்வதற்குப் பதில் பருப்பை இரண்டு கிலோவாக்குவதாகச் சொன்னால் அந்த வாக்குறுதிக்கு இந்த வீட்டில் அதிக எடை. வளரும் பிள்ளைகளுக்குச் சோற்றைக் கூட்டுவதைவிடப் பருப்பைக் கூட்டுவதுதான் முதல் தேவை.

அதுவரை செய்யக்கூடியது, 60 கிராமில் அதே நான்கு பேருக்குச் சாம்பார். பருப்பு 60 கிராமை வெந்நீரில் அரைமணி ஊறவைத்து, மஞ்சள்தூள், இரண்டு சொட்டு எண்ணெயோடு குக்கரில் நாலு விசில். புளியை இப்போது போடவே கூடாது. போட்டால் பருப்பு மசியாது. பறங்கிக்காய் 200 கிராமைத் துண்டாக்கி, பாதியைச் சிறிதாகவும் பாதியைப் பெரிதாகவும் நறுக்குங்கள். காய் மூழ்கும் அளவுத் தண்ணீரில் சாம்பார்பொடி இரண்டு தேக்கரண்டி, உப்பு போட்டு வேகவிட்டால் சிறு துண்டுகள் கரைந்து குழம்புக்கு உடம்பு கொடுக்கும், பெரியவை காயாக நிற்கும். காய் வெந்தபிறகுதான் புளிக்கரைசல். முன்னால் ஊற்றினால் காய் விறைத்துக்கொள்ளும். பச்சை வாடை போனதும் கடைந்த பருப்பை ஊற்றி, ஒரு தேக்கரண்டி அரிசிமாவைக் கரைத்துவிட்டு, ஒரு கொதியில் இறக்குங்கள். தாளிப்பில் பெருங்காயத்தைக் குறைக்காதீர்கள். பருப்பு குறைந்த குழம்பில் மணம்தான் நிறைவைத் தரும். இப்படி வைத்தால் ஒரு கிலோ பதினாறு நாள் வரும்.

ரேஷன் பருப்பு எவ்வளவு விசில் விட்டாலும் வேகவில்லை என்றால் குற்றம் பெரும்பாலும் பழைய இருப்பு, அல்லது உப்புத்தண்ணீர். ஆழ்துளைக் கிணற்று நீரில் உள்ள சுண்ணாம்பு பருப்பை மசியவிடாமல் இறுக்கும். குடிநீரில் ஊறவைத்து அதே நீரில் வேகவிட்டாலே பாதி சரியாகிவிடும். சமையல் சோடா போட்டால் குழையும், ஆனால் சுவையும் பி சத்தும் போய்விடும்.

மீதி பதினான்கு நாளில் கொள்ளு நல்ல துணை. 150 கிராமை இரவு ஊறவைத்துக் குக்கரில் எட்டு விசில். தண்ணீரை வடித்து ரசம், கொள்ளில் பாதி சுண்டல், பாதி துவையல். மற்ற நாட்களில் பாசிப்பருப்புக் கூட்டு, மொச்சைப் புளிக்குழம்பு, மோர்க்குழம்பு, கீரை. 2023 மே மாதத்தில் நீலகிரியிலும் தருமபுரியிலும் அரிசிக்குப் பதில் இரண்டு கிலோ கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினார்கள். அரிசி மிஞ்சும் வீட்டுக்கு இது சரியான திருத்தம். மற்ற மாவட்டங்களுக்கும் வேண்டும் என்று கேட்க வேண்டிய ஒன்று.

பாமாயில் ஒரு லிட்டர் என்பது நாளுக்கு 33 மில்லி, இரண்டு மேசைக்கரண்டி. தாளிப்புக்கு மட்டும் வைத்தால் மாதம் ஓடும், வடை, பூரி என்று இறங்கினால் ஓடாது. மார்கழிக் குளிரில் உறைவது கெட்டுப்போனதன் அடையாளமல்ல. வாடை பிடிக்காதவர்கள் எண்ணெயைக் காயவைத்து ஒரு சிறு புளி உருண்டையைப் போட்டுக் கருகுமுன் எடுத்துவிட்டுப் பிறகு கடுகு போடலாம். கடலை எண்ணெயை ரேஷனில் கொடுங்கள் என்று விவசாயிகள் கேட்பது நியாயமான கோரிக்கை. ஆனால் 25 ரூபாய்க்குக் கொடுக்க வேண்டும் என்றால் அரசு போடும் மானியம் மிக அதிகமாகும். அந்த எண்ணைச் சொல்லாமல் வாக்குறுதி கொடுப்பவரை நம்ப வேண்டாம்.

காசா, பொருளா

மகளிர் உரிமைத் தொகை 2021 தேர்தலில் சொல்லப்பட்டு 2023 செப்டம்பர் 15இல் காஞ்சிபுரத்தில் தொடங்கியது. ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குக் கீழ், ஆண்டு மின்சாரம் 3,600 யூனிட்டுக்குக் கீழ் என்று நிபந்தனைகள் சேர்ந்தன. அறிக்கையில் வாசித்ததற்கும் கைக்கு வந்ததற்கும் இடையே இரண்டேகால் ஆண்டுக்கு மேல் இடைவெளி. இருந்தும் இதன் பலம் தேதியில் இருக்கிறது. மாதந்தோறும் 15ஆம் தேதி. சம்பளம் வந்த கையோடு வாடகையும் சீட்டும் போய், பருப்பு டப்பா காலியாகும் நேரம் அது. அதே 1,000 ரூபாய் முதல் தேதியில் வந்திருந்தால் பாதி கடனுக்குப் போயிருக்கும்.

அப்படியானால் ரேஷனையும் காசாக்கிவிடலாமா? பக்கத்திலேயே புதுச்சேரி இருக்கிறது. அங்கே இலவச அரிசிக்குப் பதில் வங்கிக் கணக்கில் பணம் போட்டார்கள், ரேஷன் கடைகள் மூடிக்கிடந்தன. 2024 மக்களவைத் தேர்தல் பிரசாரத்தில் மூடிய கடைகளே பெரிய பேச்சாயின. அந்த ஆண்டு அக்டோபரில், தீபாவளிக்கு முன், கடைகளைத் திறந்து மறுபடி அரிசி கொடுத்தார்கள். காரணம் அடுப்படியில் விளங்கும். பணம் நிலையான எண். அரிசி விலை நிலையான எண் அல்ல. கிலோ 40 ஆக இருக்கும்போது 20 கிலோவுக்குப் போட்ட 800 ரூபாய், விலை 50 ஆனால் 16 கிலோவைத்தான் வாங்கும். பொருளாக வந்தால் 20 கிலோ 20 கிலோவாகவே இருக்கும். 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறைத் தாண்டியபோது சென்னை ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்கு விற்க முடிந்ததும் கடை என்று ஒன்று திறந்திருந்ததால்தான்.

காயும் பாலும் மாறும் செலவுகள், அவற்றுக்குக் காசு நல்லது. அரிசியும் பருப்பும் மாறாத தேவைகள், அவை பொருளாகவே வரட்டும். பாலுக்குக் காசுக்குப் பதில் விலைக்குறைப்பும் போதும் என்பதற்கு ஒரு கணக்கு: 2021 மே மாதத்தில் ஆவின் பால் லிட்டருக்கு 3 ரூபாய் குறைந்தது. நாளுக்கு ஒரு லிட்டர் வாங்கும் வீட்டில் மாதம் 90 ரூபாய். விண்ணப்பம் இல்லை, நிபந்தனை இல்லை, அமலுக்கு வந்த அன்று காலையே பாக்கெட்டில் தெரிந்தது.

சிலிண்டர் விலையைத் தேர்தல் காலண்டரோடு வைத்துப் பார்ப்பதும் பயன் தரும். 2021 ஏப்ரல் 1இல் 10 ரூபாய் குறைந்தது. தமிழ்நாட்டில் வாக்குப்பதிவு ஏப்ரல் 6. 2023 மார்ச்சில் சென்னையில் 1,118 ரூபாய் 50 காசு. ஆகஸ்ட் இறுதியில் 200 குறைந்தது. 2024 மார்ச்சில், மக்களவைத் தேர்தல் அறிவிப்புக்குச் சில நாள் முன்பு, 100 குறைந்து 818 ரூபாய் 50 காசானது. 2025 ஏப்ரலில் 50 ஏறியது. குறைந்த மாதத்தில் மிஞ்சிய பணத்தை மறு சிலிண்டருக்கென்று ஒதுக்கிவைக்கும் வீடு அடுத்த ஏற்றத்தில் தடுமாறாது.

ஓட்டுக்குக் கொடுக்கும் பணத்துக்கும் இதே அளவுகோல்தான். 2,000 ரூபாய் என்றே வைத்துக்கொள்வோம். ஐந்து ஆண்டு 60 மாதம். மாதத்துக்கு 33 ரூபாய், நாளுக்கு ஒரு ரூபாய் பத்து காசு. ரேஷன் பையின் மதிப்பு நாளுக்கு 34 ரூபாய். அந்தப் பையில் ஒரு கிலோ எடை குறைந்தாலே மாதம் 40 ரூபாய் போய்விடும். பணம் கொடுத்து வென்றவரிடம் கடையில் எடை குறைகிறது என்று போய் நிற்க வாய் வராது என்பதுதான் இதில் பெரிய நட்டம்.

சோம்பேறி ஆக்குகிறது என்ற வாதத்துக்கும் பதில் இங்கேயே இருக்கிறது. 20 கிலோ அரிசியை நான்கு பேருக்குப் பிரித்தால் தலைக்கு நாளுக்கு 167 கிராம். இதை வைத்துக்கொண்டு வேலைக்குப் போகாமல் யாரும் உட்கார முடியாது. மாவுக்குப் போனது போக மிஞ்சுவது நாளுக்கு அரைக்கிலோ சொச்சம். இரண்டு வேளைச் சோற்றுக்கு முக்கால் கிலோ வேண்டும். மீதி ஏழு கிலோவைக் கடையில் 350 ரூபாய் கொடுத்துத்தான் இந்தக் குடும்பம் வாங்குகிறது.

வண்ணத் தொலைக்காட்சி, மிக்சி அறிவிப்புகளை எதிர்த்துப் போன வழக்கில், தேர்தல் அறிக்கையில் இப்படிச் சொல்வது சட்டப்படி ஊழல் நடவடிக்கை ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 2013 ஜூலையில் தீர்ப்பளித்தது. வழிகாட்டு நெறிகள் வகுக்கும்படி தேர்தல் ஆணையத்துக்கும் சொன்னது. அதன்படி 2014இல் சேர்ந்த விதி, வாக்குறுதிக்குப் பணம் எங்கிருந்து வரும் என்பதைக் கட்சிகள் கோடிட்டுக் காட்ட வேண்டும் என்கிறது. அறிக்கை கைக்கு வந்தால் அந்தப் பக்கத்தைத் தேடிப் பாருங்கள்.

தேர்தல் மாதங்களில் கவனிக்க வேண்டியவை

2024இல் நடந்தது ஒரு பாடம். நடத்தை விதிகள் அமலில் இருந்ததால் கொள்முதல் தாமதமாகி, மே மாதத்தில் பல கடைகளில் பருப்பும் பாமாயிலும் இல்லை. மே மாதத்துக்கு உரியதை ஜூனில் வாங்கிக்கொள்ளலாம் என்று அரசு பிறகு அறிவித்தது. தேர்தல் அறிவிப்பு வரும் என்று தெரிந்தவுடனே அரைக்கிலோ துவரம்பருப்பும் அரைக்கிலோ கொள்ளும் கூடுதலாக வாங்கி, வெயிலில் ஒருநாள் காயவைத்து, காய்ந்த மிளகாய் நாலைப் போட்டு மூடிவைப்பது நல்லது. பறக்கும் படை 50,000 ரூபாய்க்கு மேல் ரொக்கத்துக்கு ஆவணம் கேட்பதால் வாரச்சந்தை வியாபாரிகள் சரக்கெடுப்பதைக் குறைப்பார்கள். காய் விலை சில வாரம் தாறுமாறாக இருக்கும். பறங்கி, பூசணி, சேனை, சின்ன வெங்காயம் போன்று தாங்கும் காய்களை அந்த வாரங்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கடையில் கைரேகை வைத்தவுடன் வரும் குறுஞ்செய்தியைக் கடையை விட்டு நகருமுன் படியுங்கள். வாங்காத பருப்புக்கும் பில் விழுந்திருந்தால் அந்த மாதத்துக்கு அது ‘வழங்கப்பட்டது’ என்றே கணக்கில் நிற்கும், அடுத்த மாதம் கேட்டாலும் கிடைக்காது. ‘சரக்கு வரல, அப்புறம் வாங்க’ என்றால் பில்லும் அப்புறமே போடச் சொல்லுங்கள். கடைக்காரர் ஒத்துக்கொள்ளாவிட்டால் குறுஞ்செய்தியை அழிக்காமல் வைத்துக்கொண்டு 1967 என்ற எண்ணிலோ 1800-425-5901 என்ற எண்ணிலோ அன்றைக்கே புகார் சொல்லுங்கள். அட்டை எண், கடை எண், தேதி, எந்தப் பொருள் எத்தனை கிலோ என்ற நான்கையும் தாளில் எழுதி வைத்துக்கொண்டு பேசினால் புகார் ஒரே அழைப்பில் பதிவாகிவிடும்.